அக்கா கடைக் கணினிக்கு ஆறாயிரம் ரூபாய்

மன்னார்குடியில் அக்கா நடத்தும் டிடிபி கடைக்கு ஒரே ஒரு கணினிதான். 2012 ஆகஸ்டில் திருச்சியில் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3-2120 சிபியூ, எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டும் பலகை), 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). நடுவில் இன்னொரு 2 ஜிபி ராம் போட்டு 4 ஆக்கினார்கள். விண்டோஸ் 7 போய் 10 வந்தது. மற்றதெல்லாம் அன்று வாங்கியபடியே இருந்தது.

கல்யாணப் பத்திரிகை, மனு, பயோடேட்டா, ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், ஸ்கேன், பிரின்ட் எல்லாம் அதில்தான் நடக்கிறது. 2025 ஜூன் மாதம் ஊருக்குப் போயிருந்தபோது காலையில் கடை திறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு அக்கா கடை வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு வருமானச் சான்று விண்ணப்பிக்க வந்த ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்றிருந்தார். “சிஸ்டம் வர கொஞ்சம் நேரமாகும்மா, உட்காருங்க” என்று அக்கா சொன்ன விதத்திலேயே, அதை அவள் தினமும் பத்து தடவை சொல்கிறாள் என்று தெரிந்தது.

புதுசு வாங்கலாம் என்றால் விசாரித்த இடங்களில் மானிட்டர் இல்லாமலே 24,000 சொன்னார்கள். அக்காவிடம் அதற்காக எடுத்துவைத்திருந்த பணம் 6,000. “இதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா தம்பி?” என்றாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. எது பலன் தந்தது, எது வீண் என்று இப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

ஒன்றையும் வாங்குவதற்கு முன் அளந்து வைத்துக்கொண்டேன். இந்த வேலையில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான். போனில் ஸ்டாப்வாட்ச். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வர 3 நிமிடம் 52 நொடி. அங்கிருந்து பிரவுசர் திறந்து விண்ணப்பத் தளம் முழுதாகத் தெரிய, மொத்தம் 5 நிமிடம் 40 நொடி. மூன்று நாள் எடுத்தும் பத்துப் பதினைந்து நொடிதான் முன்னே பின்னே இருந்தது. அக்காவின் அன்றாட வேலையில் கனமானது ஸ்கேன் செய்த 50 பக்க பிடிஎஃபைப் படங்களாக மாற்றுவது. அதற்கு 2 நிமிடம் 5 நொடி.

எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு அவளை வழக்கம்போல வேலை செய்யச் சொன்னேன். சிபியூ 30 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. மெமரி 88. டிஸ்க் 100, இறங்கவே இல்லை. ஓடும் வேலைகளை வைத்துக்கொள்ளும் மெமரியான ராம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கையே ராம் போலப் பயன்படுத்துகிறது, அந்த ஹார்ட் டிஸ்க்கோ மூச்சு வாங்குகிறது. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்ததில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்) நாற்பதுக்கு மேல். அதாவது டிஸ்க் மெதுவாகப் போகிறது என்பதோடு, சாகவும் போகிறது. பதிமூன்று வருடப் பத்திரிகைக் கோப்புகள் அதற்குள்தான் இருந்தன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தினமும் காலையில் அக்கா முதலில் செய்வது கடிகாரத்தைத் திருத்துவது. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போவதால், காலையில் தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டும். அதைத் திருத்த மறந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்புப் பக்கம் வரும். தளத்தின் சான்றிதழ் தொடங்கும் தேதியே 2011க்குப் பிறகுதானே. இரண்டு வருடமாக நெட் கம்பெனிக்காரர்தான் ஏதோ தகராறு செய்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் கடையில் சிஆர்2032 பேட்டரி 30 ரூபாய். மதர்போர்டில் அந்த வெள்ளிக் காசு போன்ற பேட்டரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை நகத்தால் தள்ளினால் தானாக எழும்பும். பழையதை மல்டிமீட்டரில் வைத்தால் 1.9 வோல்ட். புதியது 3.2. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் மென்பொருள்) போய்த் தேதியை வைத்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மொத்த வேலையில் அக்கா அதிகம் சந்தோஷப்பட்டது இந்த முப்பது ரூபாய்க்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூடியைத் திறந்தபோதே சுத்தமும் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், பக்கத்து மெக்கானிக் கடையில் இரவல் வாங்கிய புளோயர். ஃபேனின் இறக்கைகளைக் கையால் பிடித்துக்கொண்டுதான் காற்று அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும். ஃபேனுக்கும், சிபியூவின் சூட்டை இழுக்கும் உலோகமான ஹீட்சிங்குக்கும் நடுவில் பஞ்சு மெத்தை போலத் தூசி படிந்திருந்தது. கடை வாசலில் மண் ரோடு, உள்ளே பேப்பர் வெட்டும் தூள், ஊதுபத்திப் புகை. எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் வெப்பத்தைக் குறித்திருந்தேன்: முழு வேலை கொடுத்தால் 84 டிகிரி.

இங்கே ஒரு சேதம் நடந்தது. இன்டெல்லோடு வரும் அந்த ஃபேனுக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் முனைகள். அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். பதிமூன்று வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக், மூன்றாவது முனையை இழுத்தபோது வெள்ளைக் கால் முறிந்து மதர்போர்டு ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. மூன்று கால்களில் மாட்டி ஓட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், சிபியூவோடு சரியாக ஒட்டாது. வேண்டாம். ஊரிலேயே சர்வீஸ் செய்பவர் ஒருவர் கழற்றிப் போட்டிருந்த அதே மாதிரி கூலரை 200 ரூபாய்க்குக் கொடுத்தார். முதலிலேயே ஹேர் டிரையரால் முனைகளை லேசாகச் சூடாக்கியிருந்தால் முறிந்திருக்காது என்று அவர்தான் சொன்னார்.

சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த சிபியூ மேல் தடவியிருந்த பழைய பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது. மெடிக்கலில் 45 ரூபாய்க்கு சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி, பனியன் துணியை நனைத்துத் துடைத்தேன். புது பேஸ்ட் 120 ரூபாய். நடுவில் ஒரு பச்சைப் பயறு அளவு வைத்தால் போதும். ஹீட்சிங்கை அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். மூடி ஓடவிட்டால் முழு வேலையிலும் 59 டிகிரி. வேகம் என்று பார்த்தால் ஏழு நொடிதான் குறைந்தது. ஆனால் மதியத்தில் கணினி தானாக அணைந்து எழும் கோளாறு ஒன்றும் இருந்தது, அது பாதிக்கு மேல் நின்றது.

அப்புறம் ராம். இங்கேதான் முதல் தவறு. சென்னைக்குத் திரும்பியதும் ஆன்லைனில் தேடினேன். இந்த போர்டு ஏற்கும் டிடிஆர்3 வகையில் 8 ஜிபி ஒற்றைக் குச்சி 720 ரூபாய்க்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் அதைவிட இரண்டு மடங்கு. உடனே வாங்கிவிட்டேன். விவரத்தில் கடைசி வரியில் ‘ஏஎம்டி போர்டுகளுக்கு’ (இன்டெல்லின் போட்டிக் கம்பெனி) என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. டிடிஆர்3 என்றால் டிடிஆர்3தானே, எந்த போர்டாக இருந்தால் என்ன என்றுதான் நினைத்திருப்பேன், கவனித்திருந்தாலும்.

அடுத்த முறை மன்னை எக்ஸ்பிரஸில் அதை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டால், திரை கறுப்பு. நீளமான பீப் ஒலி விட்டு விட்டு வந்தது. ஸ்லாட் மாற்றினேன், ரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்துப் பார்த்தேன், பயாஸை ரீசெட் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. விஷயம் இதுதான்: அந்த மலிவான குச்சிகளில் நான்கு பிட் அகலச் சிப்கள் இருக்கும். இன்டெல் டெஸ்க்டாப் சிபியூவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் எட்டு பிட், பதினாறு பிட் சிப்களைத்தான் ஏற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பணம் திரும்பி வந்தது, ஆனால் ஒன்பது நாளும் ஒரு பயணமும் போனது.

இரண்டாம் முறை, சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும் என்பதால் சனிக்கிழமை மதியம். மவுண்ட் ரோட்டில் இறங்கி உள்ளே நுழைந்தால் முகப்பில் இருக்கும் பளபளப்பான கடைகளில் டிடிஆர்3 என்றாலே தலையாட்டுகிறார்கள். சந்துக்குள் மாடிப்படி ஏறினால்தான் பழைய பார்ட்ஸ் கிடைக்கும். ஒரு அட்டைப் பெட்டி நிறைய அலுவலகக் கணினிகளில் கழற்றிய ராம் குச்சிகள், செங்கல் அடுக்கியதுபோல. கடைக்காரர் நம்மையே பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தால் போதும். நான் தேடியது ‘4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யூ’. 2ஆர்எக்ஸ்8 என்பதில் அந்த எட்டுதான் முக்கியம், எட்டு பிட் சிப் என்று அர்த்தம். 12800 என்றால் 1600 வேகம். 10600 என்றால் 1333. கடைசி எழுத்து ‘யூ’ என்றால் டெஸ்க்டாப், ‘எஸ்’ என்றால் லேப்டாப், ‘ஆர்’ என்றால் சர்வர். சர்வர் குச்சி பள்ளத்தில் பொருந்தி உட்காரும், ஆனால் வேலை செய்யாது. எச்61 போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. ஒரே கம்பெனி, ஒரே எண் உள்ள இரண்டு குச்சிகளைப் பொறுக்கினேன். இரண்டையும் ஜோடியாகப் போட்டால் இரண்டு வழியிலும் தரவு ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சிபியூவுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பும் கணினிக்கு அது நல்லது. குச்சி 450, இரண்டும் 900. கடையிலேயே ஒரு போர்டில் மாட்டிக் காட்டினார். ‘ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன்’ என்று பில்லில் எழுதியும் வாங்கிக்கொண்டேன்.

மாட்டியதும் ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில் நான்கு சுற்று முடிந்து பிழை பூஜ்யம். பழைய ராமுக்கு இதைச் செய்யாமல் விடக் கூடாது. கெட்ட ராம் உடனே காட்டிக்கொடுக்காது. கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டுத்தான் தெரியவரும். டெஸ்க்டாப் வர 3 நிமிடம் 10 நொடி, விண்ணப்பத் தளம் வரை 4 நிமிடம் 5 நொடி. பிரவுசர் திறந்தபின் தடுமாற்றம் நன்றாகக் குறைந்தது. தொடக்க நேரம் இன்னும் டிஸ்கின் கையில்தான் இருந்தது.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கும்போது கடைக்காரர் அதில் என்விஎம்இ என்ற புது வகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விலை வித்தியாசம் நூறு ரூபாய்தான், ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் போட்டால் பல மடங்கு வேகம் என்றார். இந்தத் தலைமுறை போர்டுகளின் பயாஸுக்கு என்விஎம்இயிலிருந்து விண்டோஸைத் தொடங்கத் தெரியாது. இரண்டாவது டிஸ்காகத்தான் தெரியும். ஆகவே ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் போகும் 2.5 அங்குல எஸ்எஸ்டி, 256 ஜிபி, 1,650 ரூபாய். மாட்டுவதற்கு இரும்பு பிராக்கெட்டும் ஒரு சாட்டா கேபிளும் 80. எச்61இல் இருப்பது பழைய சாட்டா-2 மட்டும். 500க்கு மேல் ஓடக்கூடிய எஸ்எஸ்டி இங்கே நொடிக்கு 268 எம்பிதான் காட்டியது. அந்தப் பாதி வேகம் உறுத்தவே இல்லை. ஹார்ட் டிஸ்க் தடுமாறியது சின்னச் சின்னக் கோப்புகளை அங்குமிங்கும் தேடி எடுப்பதில். அதில் எஸ்எஸ்டி எந்த சாட்டாவில் இருந்தாலும் வெகுதூரம் முன்னால் நிற்கும்.

பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிடலாம் என்று பார்த்தேன். 63 சதவீதத்தில் நின்றுவிட்டது. அந்தக் கெட்ட செக்டர்களில் மாட்டிக்கொண்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பத் தொடங்கியதும் நிறுத்தினேன். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, வேண்டிய கோப்புகளை மட்டும் என் எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு மாற்றினேன். 38 ஜிபிக்கு மூன்றேகால் மணி நேரம். பதினொரு கோப்புகள் வரவே இல்லை. இந்த வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால், கூலரைக் கழற்றும் முன்பே செய்திருக்க வேண்டும். எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் அந்த டிஸ்கை மூன்று வாரம் ஓடவிட்டேன். பதினொன்றோடு போனது அக்காவின் அதிர்ஷ்டம்.

புதிதாக விண்டோஸ் போடும் முன் பயாஸில் சாட்டா டிஸ்கோடு பேசும் முறை பழைய ஐடிஇ என்று இருந்ததைப் புதிய ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். பிறகு ஏதோ எடுக்க மறந்து பழைய டிஸ்கிலிருந்து தொடங்கப் பார்த்தால் நீலத்திரை. பழைய விண்டோஸ் ஐடிஇயில் போட்டது என்பது நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆனது. லைசென்ஸ் மதர்போர்டோடு பதிவாகியிருந்ததால், புது விண்டோஸ் 10 நெட் வந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

முதல் ஓட்டம்: டெஸ்க்டாப் 31 நொடி. விண்ணப்பத் தளம் வரை 44 நொடி. நம்பாமல் அணைத்துப் போட்டு மறுபடி எடுத்தேன். அதே 44. அக்கா விளக்குமாற்றைக் கையில் எடுக்கும் முன்பே திரை தயாராக இருந்தது.

சரி, முடிந்தது என்று 2019இல் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தாள். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக, புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. அக்கா முகம் வாடிவிட்டது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டாள். அந்தக் காலத்து டிடிபி எல்லாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவலாகும் முன் இருந்த முறை. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. நான் ஆவணங்களை எடுத்தேனே தவிர, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை எடுக்கவில்லை. பழைய டிஸ்கை மறுபடி மின்ட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நானூற்றுச் சொச்சம் எழுத்துருக்களையும் நகலெடுத்தேன். எல்லாம் வந்தன. பத்திரிகையைத் திறந்ததும் முதல் வரியில் பிள்ளையார் சுழி, அடுத்து குலதெய்வத்தின் பெயர். டிடிபி கடைக் கணினியைத் தொடுகிறவர்கள் முதலில் நகலெடுக்க வேண்டியது ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத்தான்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். அதுவரை செலவு 3,025. நான் நிறுத்தவில்லை. ராம் வாங்கிய அன்றே அதே மாடிக் கடையில் ஐ5-3470 ஒன்றை 1,300 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். இரண்டு கோர் நான்காகிறது, சிபியூ உட்காரும் அதே 1155 சாக்கெட், வேறென்ன வேண்டும் என்ற ஆசை. டாஸ்க் மேனேஜர் சிபியூ 30 சதவீதம் என்று சொன்னதை நானே எழுதி வைத்திருந்தும் வாங்கினேன்.

மாட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. ஐ3-2120 இரண்டாம் தலைமுறை, ஐ5-3470 மூன்றாம் தலைமுறை. எச்61 இரண்டையும் ஏற்கும், ஆனால் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். இந்த போர்டில் இருந்தது 2011 பயாஸ். திரும்ப ஐ3ஐ மாட்டி, தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய பயாஸை எடுத்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டுத் தயாரானேன். சாக்கெட்டுக்குள் முடிபோல நிற்கும் முனைகள் மேல் சிபியூவை ஒவ்வொரு முறையும் நேராக இறக்கி, இரண்டு ஓரப் பள்ளங்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்துத்தான் நெம்புகோலை மூட வேண்டும். மூடும்போது ‘நறுக்’ என்று கேட்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் கேட்கும்.

பயாஸ் எழுதும்போது கரன்ட் போனால் போர்டு போய்விடும். அன்று காலையிலேயே இரண்டு தடவை போய் வந்திருந்தது. கடை யூபிஎஸ்ஸைச் சோதித்தால் பிளக்கைப் பிடுங்கிய மறுநொடி அணைகிறது. உள்ளே பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி 950 ரூபாய். ஒரு ராத்திரி சார்ஜ் ஏற்றி, மறுநாள் சோதித்தால் பதினான்கு நிமிடம் தாங்கியது. அதற்குப் பிறகுதான் பயாஸை எழுதினேன். மூன்று நிமிடம்.

ஐ5 வந்தது. டெஸ்க்டாப் 29 நொடி, தளம் வரை 42 நொடி. இரண்டு நொடிக்காக 1,300 ரூபாய், இரண்டு நாள். பிடிஎஃப் மாற்றம் மட்டும் 2:05இலிருந்து 1:12 ஆனது, அது நிஜமான லாபம். ஆனால் அது வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற வேலை.

புது சிபியூ இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. மல்டிமீட்டரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் உதிரி மோலெக்ஸ் முனையில் வைத்தேன், மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில். ஐ3 இருந்தபோது வேலைப்பளுவில் 11.46 வோல்ட் இருந்தது, ஐ5 போட்டதும் 11.31. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வரையறைப்படி இந்த 12 வோல்ட் வரி 11.40க்குக் கீழே போகக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஓட்டை வழியே டார்ச் அடித்தால் ஒரு கெபாசிட்டரின் தலை வீங்கியிருந்தது. லேபிளில் பெரிதாக 450 வாட் என்று இருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்ப். பெருக்கினால் 168 வாட். கணினிக்குச் சோறு போடுவது அந்த 12 வோல்ட் வரிதான், ஆகவே நிஜக் கணக்கு அந்த 168தான். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் சும்மா இருக்கும்போது 46, முழு வேலையில் 97 காட்டியது. அதனால் அதிக வாட் தேவையில்லை, சொன்ன வாட்டை உண்மையாகத் தரும் எஸ்எம்பிஎஸ்தான் தேவை. லேபிளில் 12 வோல்ட் ஆம்பைப் பார்த்து, சிபியூவுக்கு 4+4 முனை இருக்கிறதா என்று பார்த்து, மூன்று வருட வாரண்டியோடு 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டியபின் சும்மா இருக்கும்போது 12.08, வேலையில் 12.03. மதியம் தானாக அணைந்து எழும் கோளாறு அன்றோடு முற்றிலும் நின்றது.

மொத்தம் 7,125 ரூபாய். அக்கா கொடுத்தது 6,000, மீதியை நான் போட்டேன். சிபியூவை வாங்காமல் இருந்திருந்தால் 5,825. சொன்ன பணத்துக்குள் எல்லாமே முடிந்திருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். பத்திரிகையும் பிடிஎஃபும் செய்கிற கணினிக்கு அது ஒரு வேலையும் செய்யாது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சுமை மட்டும் கூடும். நல்ல வேளை, அதில் மட்டும் ஆசைப்படவில்லை.

அடுத்த முறை வரிசையை மாற்றுவேன். முதலில் நகல், ஃபான்ட்ஸ் உட்பட. பிறகு பேட்டரி, தூசி, பேஸ்ட். பிறகு எஸ்எஸ்டி. அது ஒன்றைப் போட்டுவிட்டு ஒரு வாரம் அக்காவை வேலை செய்யவிட்டு, டாஸ்க் மேனேஜரை மறுபடி பார்த்து, ராம் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வேன். எஸ்எம்பிஎஸ்ஸையும் யூபிஎஸ்ஸையும் முதல் நாளே மல்டிமீட்டரில் பார்ப்பேன். வாங்கும் ஒவ்வொன்றையும் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்பேன்: இந்த போர்டு போனால் இது அடுத்த கணினிக்குப் போகுமா? எஸ்எஸ்டி போகும். யூபிஎஸ் பேட்டரி போகும். எஸ்எம்பிஎஸ், அசெம்பிள் செய்த கணினி என்றால் போகும். பழைய அலுவலகக் கணினிகளில் பலவற்றில் அவர்களுக்கே உரிய அளவில் செய்த எஸ்எம்பிஎஸ் இருக்கும், அதில் பொருந்தாது. டிடிஆர்3 ராமும் ஐ5உம் இந்த போர்டோடு சேர்ந்து போய்விடும். ராமுக்குக் கொடுத்த 900ஐ நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாமல் பிரவுசர் ஓடாது. 1,300ஐத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிபியூக்களை, ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஐ3 ஆனாலும் ஐ5 ஆனாலும் இந்த போர்டுக்கு அங்கே இடமில்லை. கூடுதலாக ஒரு வருடப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அக்காவின் கணினியைப் பதிவு செய்துவிட்டேன். அது 2026 அக்டோபர் வரை. எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள பழைய அலுவலகக் கணினிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் 12,000 கேட்டார்கள். ஆனால் நான் வாங்கிய பிறகு ராம், எஸ்எஸ்டி விலையெல்லாம் ஏறிக் கிடக்கிறது, அந்த விலை நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஜூலையிலேயே எஸ்எஸ்டி வாங்கியது நல்லதாகப் போயிற்று.

அந்த 2026 அக்டோபருக்குள் இன்னொன்றைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன். கோப்பு எடுக்கப் பயன்படுத்திய அதே மின்ட் பென்டிரைவை அக்காவிடம் ஒருநாள் கொடுத்து, பிரவுசர் வேலையை மட்டும் அதில் செய்யச் சொன்னேன். வித்தியாசமே தெரியவில்லை என்றாள். தடுக்குவது தட்டச்சில். அவள் தட்டச்சு ஹையர் முடித்தவள், விரல்கள் பழைய தட்டச்சுப் பலகையில்தான் ஓடும். கணினிக்கென வந்த தமிழ்99 பலகை அவளுக்குப் பழக்கமில்லை. லினக்ஸில் பல மொழித் தட்டச்சுக்கான எம்17என் தொகுப்பில் அந்தப் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது அதைப் போட்டுக் கொடுத்து, ஒரு மனு முழுதாக அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்கேனர் அதில் எடுக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுவேன்.